முதலில் மொட்டை மாடிக்கு ஏறுங்கள்: ஒரு கிளை நூலகத்தைப் புதுப்பித்த அனுபவம்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்துக்கு நான் செயலாளர். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கணக்கு எழுதத் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நூலகக் கட்டடத்தைப் புதுப்பிக்க நிதி வந்தபோது, வேலையை மேற்பார்க்க மாவட்ட நூலக ஆணைக்குழு ஒரு சின்னக் குழுவைப் போட்டது. நூலகர், நகராட்சி உறுப்பினர் ஒருவர், வேலையைச் செய்யும் துறையின் உதவிப் பொறியாளர், வாசகர் வட்டத்திலிருந்து நானும் இன்னொருவரும். இப்போது பக்கத்து ஊர்களிலிருந்து, "எங்களுக்கும் நிதி வந்திருக்கு, என்னென்ன கவனிக்கணும்" என்று போன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாமே என்றுதான் இது.

யார் கையில் என்ன இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் போனால் தப்பான ஆளிடம் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். எல்லாவற்றுக்கும் அடிப்படை 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் இதுதான் முதல் நூலகச் சட்டம். சீர்காழிக்காரரான நூலக அறிவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் வருடக்கணக்கில் விடாமல் கேட்டுக் கேட்டு வந்தது. அந்தச் சட்டப்படிதான் மாவட்ட ஆணைக்குழு. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒன்று இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. அதை உள்ளாட்சி வசூலித்து ஆணைக்குழுவின் நூலக நிதிக்குக் கட்ட வேண்டும். நாளிதழ், மின்கட்டணம், சின்னச் சின்னப் பராமரிப்பு எல்லாம் அந்த நிதியை நம்பித்தான் ஓடுகின்றன. கட்டட வேலை போன்ற பெரிய செலவுக்கு அரசு நிதி, சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி, கொல்கத்தாவில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் உதவி என்று வேறு வழிகளும் உண்டு.

வாசகர் வட்டத்துக்கு இதில் பெரிய அதிகாரம் ஒன்றும் கிடையாது. கேட்கலாம், எழுதிக் கொடுக்கலாம், பணம் கட்டி நூலகத்துக்குத் துணை நிற்கும் புரவலர்களைச் சேர்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் எங்களுக்கு ஒரு வசதி உண்டு: மாற்றல் வராது. வேலை தொடங்கிய நாளிலிருந்து முடியும்வரை அந்தக் குழுவில் முகம் மாறாமல் இருந்தவர்கள் வாசகர் வட்டத்துக்காரர்கள் மட்டும்தான்.

இடம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிடுங்கள். எங்கள் நூலகம் ஒரு குடும்பம் தானமாகக் கொடுத்த மாடி வீடு. கொடுத்தவர் மனசார எழுதிக் கொடுத்துவிட்டார். பட்டா மட்டும் மாறவே இல்லை. நிதிக்கான கோப்பு அந்த ஒரு காகிதத்துக்காகப் பல மாதம் நின்றது. அவருடைய பேரன் வெளியூரிலிருந்து வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் நகர்ந்தது. அவர் நல்ல மனிதராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அடுத்தது மதிப்பீடு. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு நூலகம் எப்படி ஆகப்போகிறது என்பது கொத்தனார் வருகிற நாளில் முடிவாவதில்லை. பொறியாளர் டேப் பிடித்து அளந்து மதிப்பீடு எழுதுகிற அந்த ஓரிரு நாளில் முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி என்று கோப்பு மேலே போய்விடும். அப்புறம் "இங்கே ஒரு ப்ளக் பாயின்ட் வேணும்" என்றால்கூட, "மதிப்பீட்டுல இல்லையே அம்மா" என்ற ஒரே பதில்தான் வரும். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. மதிப்பீட்டில் இல்லாத வேலையைச் செய்தால் தணிக்கையில் அவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். அதனால் அளக்க வரும் நாளை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, நூலகர் கட்டாயம் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பெருக்குகிற அம்மாவும் இருந்தால் இன்னும் நல்லது. எந்தச் சுவர் ஓதம் காக்கிறது, எந்த மூலையில் கரையான் ஏறுகிறது, எந்த ஜன்னல் மழையில் மூடாது என்பது அவருக்குத்தான் தெரியும்.

எங்களுக்கு வந்த முதல் வரைவில் முகப்புக்கு அலங்காரப் பலகை, உள்ளே ஃபால்ஸ் சீலிங், தரைக்கு வழவழப்பான டைல்ஸ், முழுக்கப் பெயின்ட். மொட்டை மாடிக்கு 'விரிசல் அடைத்தல்' என்று ஒரே ஒரு வரி. உதவிப் பொறியாளர் சின்ன வயசுப் பையன், மரியாதையானவர். "அம்மா, இருக்கிற நிதிக்கு முகப்பைச் செஞ்சா எல்லார் கண்ணுக்கும் தெரியும்" என்றார். "தம்பி, ஐப்பசி மழையில உள்ளே ஒழுகினாலும் எல்லார் கண்ணுக்கும்தான் தெரியும். வாங்க, மேலே போய்ப் பார்ப்போம்" என்றேன்.

நூலகர் நாலைந்து வாளி தண்ணீரை மாடியில் ஊற்றச் சொன்னார். தண்ணீர் வடிகுழாய் இருக்கும் பக்கம் போகவே இல்லை. மெதுவாக எதிர்மூலைக்கு நகர்ந்து அங்கேயே தேங்கி நின்றது. அந்த மூலைக்குக் கீழேதான் குறிப்புதவி நூல்கள் இருக்கும் பீரோ. ஏன் இப்படி என்று ஓரத்தில் கொத்திப் பார்த்தால் கதை தெரிந்தது. முதலில் போட்டது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதன்மேல் தட்டோடு. பிறகு எப்போதோ ஒழுகியபோது அதற்கு மேலேயே சிமென்ட் பூச்சு. அடுத்த முறை இன்னொரு பூச்சு. கடைசியாக ஏதோ வெள்ளை நிற ரசாயனம். ஒவ்வொரு முறையும் பழசை எடுக்காமல் மேலேயே போட்டதில் தளம் உயர்ந்து, வடிகுழாயின் வாய் பாதி புதைந்துபோயிருந்தது. வாட்டம், அதாவது தண்ணீர் வடியத் தளத்துக்குக் கொடுத்த சரிவு, மாறிவிட்டது. போதாததற்கு, இத்தனை அடுக்கின் எடையும் கீழே இருக்கும் பழைய கான்கிரீட் தளத்தின் தலையில்.

பழைய அடுக்குகளை முழுக்கப் பெயர்த்து எடுத்து, காரை விழுந்து கம்பி துருப்பிடித்த இடங்களைச் சரிசெய்து, வாட்டம் கொடுத்துப் புதிதாகத் தளம் போட்டு, வடிகுழாயைப் பெரிதாக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். அதற்கு நிதி வேண்டுமே? ஃபால்ஸ் சீலிங்கை எடுத்துவிடச் சொன்னோம். ஆணைக்குழுவில் சிலருக்கு வருத்தம்தான். புது நூலகம் என்றால் மேலே ஜிப்சம் பலகையும் அதில் பதித்த விளக்கும் இருக்க வேண்டும் என்று ஒரு ஆசை எல்லோருக்கும் வந்துவிட்டது. பழைய தளத்துக்குக் கீழே அப்படி ஒரு மறைப்பைக் கட்டினால், ஒழுகுவது நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே புத்தகம் ஊறிப்போயிருக்கும். எலிக்கும் வசதி. என்னைக் கேட்டால் புத்தகம் இருக்கிற இடத்தில் கூரை வெறுமனே கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தளம் முடிந்ததும் வடிகுழாய் வாய்களை அடைத்து, பாத்தி கட்டி, இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கீழே ஈரக்கசிவு இல்லை என்று நூலகரும் பொறியாளரும் சேர்ந்து பார்த்து எழுதிய பிறகு உள்பூச்சுக்குப் போகலாம். பெயின்ட் அடித்த பிறகு தெரிகிற கசிவுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் மாடி அறைகளைப் பற்றி இன்னொரு விஷயம். கீழ்த்தளம் முழுவதையும் வாசிக்கும் கூடமாக்கி, புத்தக அடுக்குகளை எல்லாம் மாடிக்கு ஏற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. படி ஏற முடியாத முதியவர்கள் என்ன செய்வார்கள் என்றுதான் நான் யோசித்தேன். பொறியாளர் அதைவிடப் பெரிய விஷயத்தைச் சொன்னார். வீட்டு அறைகளுக்குத் தளத்தை வடிவமைக்கும்போது சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை என்று கணக்கு வைப்பார்கள். புத்தக அடுக்குகள் நெருக்கமாக நிற்கும் இடத்துக்கு இந்தியத் தரநிலைப்படி குறைந்தது 600 கிலோ வைக்க வேண்டும். எங்களுடையது வீடாகக் கட்டிய மாடி. அங்கே இரும்பு அலமாரிகளை வரிசையாக நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாடி சிறுவர் பகுதியாகவும் கூட்டம் நடத்தும் அறையாகவும் இருக்கட்டும், ஒரு தடவைக்கு எத்தனை பேர் என்பதற்கு மட்டும் வரம்பு வைப்போம் என்று முடிவானது. நன்கொடை வீடுகளில் இயங்கும் நூலகங்கள் நிறைய இருக்கின்றன. மாடியில் ஏற்கெனவே அலமாரி இருந்தால், ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து காட்டிவிடுங்கள்.

மதிப்பீட்டுக்கு முன்பு நான் செய்த இன்னொரு வேலை, கொஞ்ச நாள் வாசலருகே உட்கார்ந்து மணிக்கு மணி யார் வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எப்போது கிளம்புகிறார்கள் என்று நோட்டில் குறித்தது. காலையில் பேப்பர் பார்க்க வரும் பெரியவர்கள். பத்து மணிக்கு மேல் டிஎன்பிஎஸ்சி, காவலர் தேர்வு என்று படிக்கும் இளைஞர்கள். சனி, ஞாயிறு குழந்தைகள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் புதிதாகத் தெரிந்தது, தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் மத்தியானம் ஒரு மணி வாக்கில் மொத்தமாகக் கிளம்பிவிடுகிறார்கள் என்பது. சாப்பிடப் போகிறார்கள் என்றுதான் நூலகரும் நினைத்திருந்தார். ஒரு பெண்ணிடம் கேட்டேன். "டாய்லெட் இல்லையேம்மா. அதுக்காகக் காலையில தண்ணிகூடக் குடிக்காமத்தான் வர்றேன்" என்றாள். பையன்கள் சாயங்காலம்வரை படித்தார்கள், இவர்களுக்கு அரைநாள்தான் நூலகம். மதிப்பீட்டில் ஒரே ஒரு கழிப்பறை, அதுவும் ஊழியர் உபயோகத்துக்கு என்று இருந்தது. முகப்பு அலங்காரத்தைக் குறைத்து, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, குப்பைக்கூடை, உள்ளே கொக்கி, வெளிச்சம் எல்லாம் சேர்க்க வைத்தோம். இந்த வேலை முழுவதிலும் மிகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது அந்தச் சின்ன அறைதான். சாவியை மேசை இழுப்பறையில் வைத்துக் கேட்டால்தான் கொடுப்போம் என்ற வழக்கத்தை மட்டும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள்.

சாய்தளம் கட்டும்போதும் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இடம் இல்லை என்று பாதி நீளத்தில் முடித்துவிட்டால் அதில் சைக்கிளைத்தான் ஏற்ற முடியும், சக்கர நாற்காலி ஏறாது.

இனி புத்தகங்களை மாற்றுவது. ஒப்பந்ததாரரின் ஆட்கள் சாக்கோடு வந்து நின்றார்கள். நூலகருக்கு முகமே மாறிவிட்டது. இருப்புப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு புத்தகத்துக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். தொலைந்தால் தன் கையிலிருந்து கட்ட வேண்டி வருமோ என்ற பயம் நூலகர்களுக்கு எப்போதும் உண்டு. சாக்கில் போட்டால் முனை மடங்கும், அட்டை கிழியும், அதைவிட முக்கியமாக வரிசை போய்விடும். வரிசை போன நூலகம் மறுபடி ஒழுங்காக மாதக்கணக்கில் ஆகும்.

நாங்கள் செய்த முறை இது. ஒவ்வொரு அலமாரிக்கும் ஒரு எண், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு எண். ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினோம், சாக்பீஸ் ஒரே நாளில் அழிந்துவிடும். ஒரு தட்டுப் புத்தகம் இரண்டு அல்லது மூன்று கட்டு. மேலும் கீழும் அட்டை வைத்து, துணி நாடாவால் கட்ட வேண்டும். நைலான் கயிறு ஓரத்தை அறுத்துவிடும். கட்டின்மேல் ஒரு சீட்டு: அலமாரி, தட்டு, இடமிருந்து எத்தனையாவது கட்டு. கட்டுகளை வைக்கும் அறையில் முதலில் செங்கல், அதன்மேல் பலகை. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, இடுப்பு உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்குவது. நடுவில் ஆள் நடக்க வழி விட வேண்டும், வாரம் ஒருமுறை கரையான் பார்ப்பதற்காக. கட்டியது, தூக்கியது எல்லாம் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள்தான். டீயும் பஜ்ஜியும் வாசகர் வட்டச் செலவு. அதற்கும் ரசீது வைத்திருக்கிறேன்.

கட்டும்போதே இருப்புச் சரிபார்த்துவிடலாம். கட்ட வேண்டியது, பைண்டிங்குக்குப் போக வேண்டியது, கழிக்க வேண்டியது என்று மூன்று மேசை போட்டோம். கழிப்பதில் ஒரு எச்சரிக்கை. ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், உள்ளூர்க்காரர் சொந்தச் செலவில் அச்சடித்த கவிதைப் புத்தகம் இவையெல்லாம் அட்டை கிழிந்து, யாரும் எடுக்காமல், கழிவுக் குவியலுக்கே போகும். வேறு எந்த நூலகத்திலும் இவை இருக்காது. தனியே எடுத்து வையுங்கள். அலமாரிகளை மறுபடி அடுக்கும்போது ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் காலி இடம் விடவும் மறக்காதீர்கள். நூலகம் வளரும் உயிர் என்று ரங்கநாதன் 1931-லேயே சொல்லிவிட்டார். அடைத்து வைத்தால் அடுத்த வருடப் புத்தகங்கள் தரையில் உட்காரும்.

வேலை நடக்கும்போது நூலகத்தை மூடிவிடலாமா என்ற கேள்வி எல்லா ஊரிலும் வரும். பூட்டிப் பலகை மாட்டுவது சுலபம். ஆனால் வாசகர்கள் பழக்கம் விட்டுப்போனால் திரும்ப வரமாட்டார்கள். நாங்கள் பக்கத்துச் சமுதாயக் கூடத்தின் ஓரத்து அறையை வாங்கினோம். நாளிதழ், வார இதழ், தேர்வுப் புத்தகங்கள், குழந்தைகளுக்கு ஒரு சின்ன அலமாரி, இவ்வளவுதான் அங்கே. பெரிய கூடத்தில் கல்யாணம் இருக்கும் நாளில் பெரியவர்கள் நாதஸ்வரத்துக்கு நடுவே பேப்பர் படித்தார்கள். ஒருசிலர் அப்படியே பந்திக்கும் போய்விட்டதாகக் கேள்வி.

இதில் விட்டுப்போகிற சின்ன விஷயங்கள் உண்டு. ஏற்கெனவே புத்தகம் எடுத்துப்போனவர்களுக்குத் திருப்பித் தரும் தேதியை நீட்டி ஆணைக்குழுவிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை போதாது, நூலகர் தாமதக் கட்டணம் வசூலித்தே ஆக வேண்டியிருக்கும். பேப்பர் ஏஜென்டிடம் இடம் மாறியதைச் சொல்ல வேண்டும். பழைய கட்டடத்தின் மின்சாரத்தில் ஒப்பந்ததாரர் மிஷின் ஓட்டினால் அந்தக் கட்டணம் யாருடையது என்று முதல் நாளே பேசி, மீட்டர் ரீடிங்கைக் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள்.

விளக்கு விஷயத்தில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எலக்ட்ரீஷியன் கூரையில் அழகாகக் கட்டம் கட்டி விளக்குகளுக்குக் குழாய் இழுத்துக்கொண்டிருந்தார். அலமாரிகள் இன்னும் வரவில்லை, அறை காலியாக இருந்ததால் பார்க்கச் சரியாகவே இருந்தது. நூலகர் தரையில் அலமாரி நிற்கும் இடங்களைச் சுண்ணாம்புக் கோடாக வரைந்து காட்டினார். பாதி விளக்கு அலமாரியின் தலைக்கு மேல் வந்தது. வெளிச்சம் அலமாரிகளுக்கு நடுவே நடக்கிற பாதையில், பாதையின் நீளவாக்கில் விழுந்தால்தான் கீழ்த்தட்டுப் புத்தகத்தின் முதுகைப் படிக்க முடியும். அன்றைக்கே மாற்றிவிட்டார்கள், செலவும் இல்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்திருந்தால் சுவரை உடைக்க வேண்டியிருந்திருக்கும். மின்விசிறிக்கும் இதே கணக்குதான்.

பெயின்ட் அடிக்கும் முன் சுவரில் இருக்கும் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். எங்கள் நூலகத்தில் 1,000 ரூபாய் கட்டிப் புரவலரானவர்களின் பெயர்கள் சுவரிலேயே எழுதப்பட்டிருந்தன. ஒரே காலையில் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. திறந்த மறுநாளே, இறந்துபோன அப்பாவின் பெயர் எங்கே என்று ஒருவர் வந்து நின்றார். நியாயமான கோபம். பதிவேட்டையும் ரசீதுப் புத்தகங்களையும் புரட்டித்தான் பட்டியலைத் திரும்ப எடுத்தோம். இப்போது தனிப் பலகையில் எழுதி, திருகாணி போட்டு மாட்டியிருக்கிறது.

வேலை முடிந்தது என்று ஒப்படைப்புக் காகிதம் வரும்போது நூலகரை அவசரப்படுத்துவார்கள், திறப்பு விழா தேதி குறித்தாகிவிட்டது என்பார்கள். ஒவ்வொரு கதவு, குழாய், ஸ்விட்ச்சையும் போட்டுப் பார்த்து, சரியில்லாததைப் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலை இணைத்தே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் தெரிகிற குறைகளை ஒப்பந்ததாரர்தான் சரிசெய்ய வேண்டும். அந்தக் கெடு என்றைக்கு முடிகிறது என்று எழுத்தில் வாங்கி, நூலகக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வடகிழக்குப் பருவமழை ஒன்றாவது அந்தக் கெடுவுக்குள் வர வேண்டும். மழை பெய்த அன்றே மாடிக்கும் கழிப்பறைக்கும் ஒரு நடை போய், போட்டோ எடுத்து, கடிதம் கொடுத்துவிடுங்கள்.

இப்போது எங்கள் நூலகத்தில் வேறு பஞ்சாயத்து. ப்ளக் பாயின்ட்டும் மின்விசிறியும் கூடியதால் மின்கட்டணம் ஏறிவிட்டது. ஆளுக்கு ஆள் லேப்டாப்பும் போனும் சார்ஜ் போடுகிறார்கள், கட்டுப்படுத்துங்கள் என்று மேலிருந்து கேட்கிறார்கள். வட்டத்திலும் பாதிப் பேர் அதே கருத்து. படிக்கிற பிள்ளை சார்ஜ் போடாமல் என்ன செய்யும் என்பது என் கட்சி. அந்தப் பிள்ளைகள் வேறு, வெள்ளிக்கிழமை விடுமுறை நாளிலும் மாடி அறையையாவது திறந்துவிடச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார்கள். சாவி யார் பொறுப்பு, அன்றைக்குக் கூட்டிப் பெருக்குவது யார் என்பதோடு சேர்த்து அடுத்த கூட்டத்தில் இரண்டையும் பேசப்போகிறோம்.